சமாதானத்துக்கு ஒரு ஆள்

ஆர்லாண்டோவுக்கு வந்த மூன்றாம் நாள் காலை மார்லா கண் விழித்தபோது, தங்கை ஜோலீன் அவளுடைய கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். குளித்து, தலை வாரி, முதுகுப்பையை மாட்டி, வெயிலுக்கான களிம்பை மூக்கில் வெள்ளையாக அப்பிக்கொண்டு, வெகு நேரமாக அப்படியே நிற்பவளைப் போல நின்றாள்.

"அவங்க இன்னும் எழுந்திருக்கல."

"யாரு?" என்றாள் மார்லா. யாரென்று அவளுக்குத் தெரியும்.

"ரஸல் துரைதான். வேற யாரு? பூங்கா கேட் திறக்கறப்பவே உள்ள இருந்தாத்தான் அந்த மலை ரயில்ல ஏற முடியும்னு நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போய்ச் சொல்லு. இப்ப வெளிய வரலேன்னா விட்டுட்டுப் போயிடுவேன். டாக்ஸி பிடிச்சு வரட்டும்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா சண்டை வரும்."

அது உண்மைதான். மார்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தம்பி ரஸலின் குடும்பத்துக்கு, ஒன்று ஜோலீனுக்கும் அவள் மகள் பெய்ஜுக்கும். மார்லாவுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதனால் இழுத்து விரிக்கிற சோபா போதும் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். இந்தக் குடும்பம் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். சோபாவுக்குள் ஒரு இரும்புப் பட்டை இருந்தது. இரண்டு இரவுகளாக அது அவள் விலாவோடு பேசிக்கொண்டிருந்தது.

ரஸலின் அறைக் கதவை மெல்லத் தட்டினாள்.

"ரஸல், ஜோலீன் சொல்றா, அவசரமே இல்லையாம். ஆனா கொஞ்சம் முன்னாடி போனா ஓவனுக்கு நல்ல இடம் கிடைக்குமேன்னு நினைக்கறா."

உள்ளேயிருந்து தம்பியின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "அவளை யாரு தளபதியாப் போட்டது? இது லீவா, பட்டாளமா? எங்க பிள்ளை நிம்மதியா உக்காந்து பான்கேக் சாப்பிடணும். அவளைக் கிளம்பிப் போயிட்டே இருக்கச் சொல்லு."

மார்லா கூடத்துக்குத் திரும்பினாள். "இதோ கிளம்பறாங்க. நீ இவ்வளவு மெனக்கெட்டு ஏற்பாடு பண்ணினதுக்கு ரொம்ப நன்றின்னு சொன்னான்."

ஜோலீனின் முகம் கொஞ்சம் இளகியது. "அவனா? நன்றியா?"

"ஆமா."

மார்லாவுக்கு இது புதிதல்ல. வடக்கே ஃபோர்ட் வெய்ன் நகரத்தில், பள்ளிப் பேருந்துகளை அனுப்புகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பேருந்து வரவில்லை என்று கத்துகிற பெற்றோரிடம், ஓட்டுநர் மிகவும் வருத்தப்பட்டார் என்பாள். ஓட்டுநர்களிடம், பெற்றோர் உங்கள் மேல் மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பாள். இரண்டுமே யாரும் சொல்லாத பேச்சு. வீட்டில் அந்த வேலையை அம்மா செய்துகொண்டிருந்தாள். நாலு வருடம் முன்பு அம்மா இறந்ததும் அது மார்லாவின் தலையில் வந்து விழுந்தது. நீ செய் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயணம் அப்பாவின் ஆசை. ஹார்லன் ப்ரூக்மேனுக்கு எழுபத்தெட்டு வயது. போன ஜனவரியில் இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடந்ததும், "எல்லாரும் ஒரு வாரம் ஒண்ணா இருக்கணும். எங்கேயாவது. சின்னப் பசங்களுக்குப் பிடிச்ச இடமா" என்று மட்டும் சொன்னார். ஜோலீன் உடனே போனை எடுத்து எந்த நாளில் எந்தப் பூங்கா, எந்த வேளையில் எந்த ராட்டினம் என்று ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். ரஸலின் மனைவி டீனா தன் பங்குக்கு எல்லாருக்கும் மஞ்சள் பனியன் தைக்கக் கொடுத்தாள். நெஞ்சில் 'ப்ரூக்மேன் பட்டாளம்' என்று கொட்டை எழுத்து. முதல் நாள் அதைப் பார்த்த ஜோலீன், "இதைப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு நான் அறையிலேயே கிடப்பேன்" என்று மார்லாவிடம் சொன்னாள். மார்லா டீனாவிடம் போய், "பாவம், ஜோலீனுக்கு அந்தத் துணி ஒத்துக்காது. தோல் தடிச்சுப் போயிடும்" என்றாள்.

"ஐயையோ, முன்னாடியே தெரிஞ்சிருந்தா பருத்தியில வாங்கியிருப்பேனே" என்றாள் டீனா. அவள் மனசில் கள்ளமில்லாதவள். அதுதான் பின்னால் வினையானது.

அன்று பூங்காவுக்குள் போனதுமே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜூன் மாதத்து ஃப்ளோரிடா. சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். மார்லா ஒரு நாற்காலியை எடுத்து வந்து, அதில் பைகளை அடுக்கி, "அப்பா, இதை நீங்க தள்ளிட்டு வாங்க. எனக்குக் கை வலிக்குது" என்றாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் பைகள் மார்லாவின் தோளுக்கு வந்தன, அப்பா நாற்காலிக்குப் போனார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மலைபோல ஏறித் தலைகீழாகப் பாயும் அந்த மலை ரயிலுக்கு வரிசையில் நின்று, வாசல்வரை போன பிறகுதான் தெரிந்தது, ஆறு வயது ஓவன் அதற்கு உயரம் போதாது என்று. அங்கே நின்ற பெண் அளவுகோலை அவன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு விரலைக் காட்டினாள். ஒரு விரல் குறை. ஓவன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"இது தெரியாமலா மூணு மாசமாத் திட்டம் போட்டா?" என்றான் ரஸல், ஜோலீன் காதில் விழும்படி, ஆனால் மார்லாவைப் பார்த்து.

"பையன் உயரம் என்னன்னு அப்பன் சொல்லியிருக்கணும்" என்றாள் ஜோலீன். அவளும் மார்லாவைத்தான் பார்த்தாள்.

ரஸலின் குடும்பம் ஒட்டகங்கள் சுற்றும் ராட்டினத்துக்குப் போனது. ஜோலீனும் பெய்ஜும் மலை ரயிலுக்குப் போனார்கள். மார்லா அப்பாவை நிழலில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் நடந்தாள். "உயரத்தைக் கேக்காம விட்டதுக்கு ஜோலீன் ரொம்ப வருத்தப்பட்டா." "சட்டுனு வாய் விட்டதுக்கு ரஸல் வருத்தப்பட்டான்." வியர்வை முதுகில் ஓடியது. குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. அப்பாவுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கக் காத்திருந்தபோது, நின்றபடியே கண்ணை மூடினாள். பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு, "அம்மா, உங்க முறை" என்று சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ரொம்ப."

அவர் சாற்றை உறிஞ்சிக்கொண்டே அவளைப் பார்த்தார். 

மதியம் தாண்டியதும் வானம் கறுத்தது. இடி விழுந்தது. எல்லா ராட்டினங்களையும் நிறுத்துவதாக ஒலிபெருக்கி சொன்னது. பிளாஸ்டிக் மழையங்கி வாங்க ஒரே தள்ளுமுள்ளு. கூட்டம் கூரை தேடி ஓடியதில், பொம்மைக் கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ப்ரூக்மேன்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. அன்று முழுக்க மார்லா நடந்து நடந்து காத்த இடைவெளி அந்த மழையில் போய்விட்டது.

ரஸல் கையில் பாதி தின்ற வான்கோழிக் காலை வைத்திருந்தான். டீனா தன் பையைத் துழாவி ஒரு சின்னக் குழாயை எடுத்து ஜோலீனிடம் நீட்டினாள்.

"இந்தா, காலையிலேர்ந்து குடுக்கணும்னு நினைச்சேன். தடிப்புக்கு ரொம்ப நல்லது. ஓவனுக்கு இதைத்தான் போடுவேன்."

"எந்தத் தடிப்பு?"

"அதான், பனியன் துணியால வந்தது."

"எனக்கு ஒரு தடிப்பும் இல்லையே. நான் அதைப் போடவே இல்ல."

"போட்டா வரும்னு… மார்லா சொன்னாளே."

ஜோலீன் மெதுவாகத் திரும்பினாள். மார்லா மழையைப் பார்த்தாள்.

"ஏன், பிடிக்கலைன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே?" என்றான் ரஸல். "என் பொண்டாட்டி எத்தனை நாள் உக்காந்து அதுக்கு எழுத்து தேர்ந்தெடுத்தா தெரியுமா?"

"அப்படின்னா நீ காலையில சொன்ன நன்றியும் இதே ரகம்தானா?" என்றாள் ஜோலீன்.

"நான் எப்ப உனக்கு நன்றி சொன்னேன்?"

"சொல்லலியா?"

"உன்னைத் தளபதின்னு சொன்னேன். நன்றியெல்லாம் சொல்லல. நீதான் ஓவன் விஷயத்துல மன்னிப்புக் கேட்டியாம்."

"நானா! செத்தாலும் கேக்க மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மார்லாவைப் பார்த்தார்கள். அத்தனை வருடத்தில் தம்பியும் தங்கையும் ஒரே பக்கம் நின்று அவள் பார்த்ததில்லை.

"இது எத்தனை நாளா நடக்குது, மார்லா?" என்றாள் ஜோலீன். "நான் என்ன பைத்தியமா? இவன் சொல்லாததை எல்லாம் நம்பி, இவனுக்கு உள்ளுக்குள்ள பாசம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு…"

"எங்க வாயில நீ ஏன் வார்த்தையைப் போடறே?" என்றான் ரஸல். "எங்களுக்கு நாக்கு இல்லையா?"

 மார்லாவின் தோளில் இன்னும் அப்பாவின் பை, ஓவனின் தண்ணீர்க் குப்பி, பெய்ஜின் சட்டை. அவற்றை இறக்கி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அவளை விடுங்க" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. மழைச் சத்தத்தில் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "சும்மா சும்மா பாசம் இல்லைன்னு ஏன் பேசறீங்க? எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ரஸல் வர முடியாம பனியில மாட்டிக்கிட்டான். ஆனா பூ அனுப்பினான் இல்ல? ஜன்னல் ஓரமா வச்சிருந்தாங்க. மஞ்சளும் வெள்ளையுமா. எனக்கு ஞாபகம் இருக்கு."

ரஸல் வான்கோழிக் காலைக் கீழே தாழ்த்தினான். "என்ன பூ?"

 ஓவன் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் கையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

"பூவும் நீதானா?" என்று கேட்டாள் ஜோலீன். கத்தவில்லை. கத்தியிருந்தால் மார்லாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான்" என்றாள் மார்லா. "மயக்கம் தெளிஞ்சதும் அப்பா முதல்ல கேட்டது, ரஸல் எங்கேன்னு. இவன் போனை எடுக்கல. நான் என்ன சொல்லட்டும்? கீழ கடை இருந்தது. போய் வாங்கிட்டு வந்தேன்."

"அன்னைக்கு ரோடு சுத்தமாத்தான் இருந்தது" என்றாள் ஜோலீன். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். வர மனசில்லாதவனுக்கு நீ பனியைக் கொட்டியிருக்கே."

"நான் வந்தேன்" என்றான் ரஸல்.

"எங்க வந்தே?"

"ஆஸ்பத்திரிக்கு. காரை நிறுத்தினேன். உள்ள வரல." அவன் கையில் இருந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான். டீனா அதை வாங்கிக்கொண்டாள். "அம்மாவைக் கடைசியாக் கொண்டுபோனதும் அதே வாசல்தானே. அந்தக் கண்ணாடிக் கதவு தானாத் திறந்து திறந்து மூடிச்சு. அதைப் பார்த்துக்கிட்டு கார்லயே உக்காந்திருந்தேன். இருட்டினதும் வீட்டுக்குப் போயிட்டேன். டீனாகிட்டகூடச் சொல்லல."

டீனா அவன் முதுகில் கை வைத்தாள்.

"மறுநாள் மார்லா போன் பண்ணி, 'எல்லாம் சரி பண்ணிட்டேன், நீ பனியில மாட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டேன்'னா. அப்பாடான்னு இருந்தது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? சொல்லவே இடம் இல்லாமப் போச்சு."

ஜோலீன் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, "எந்தப் பக்கம் நிறுத்தினே?" என்று கேட்டாள்.

"வாசலுக்கு எதிர்த்தாப்புல. பார்க்கிங் மேல் தளத்துல."

"நானும் அங்கதான் நிறுத்தியிருந்தேன்" என்றாள் அவள். "அன்னைக்கு இருட்டறப்ப உன்னைத் திட்டிக்கிட்டே அந்த வழியாத்தான் நடந்து போனேன்."  முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஸல் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்தான்.

அப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வாசல்வரைக்கும் வந்தது எனக்குப் போதும்டா" என்றார் கடைசியில். பிறகு மார்லாவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகவே, "என்கிட்ட நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் கண்ணாடி பொம்மை இல்ல" என்றார்.

எல்லாரையும் போல அவருக்கும் அவளிடம் சொல்லக் குறைதான் கிடைத்தது. மார்லா தலையை ஆட்டினாள். தோளிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"மழை கொட்டுது, மார்லா பெரியம்மா" என்றாள் பெய்ஜ்.

"தெரியும்மா."

அவள் நடந்தாள். மழை வெதுவெதுப்பாக இருந்தது. சில அடிகளிலேயே பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரும் கூப்பிடவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வருத்தம் எங்கோ உள்ளே இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பார்க்கக்கூட உடம்பில் வலு இல்லை. கால் வலித்தது, கண் எரிந்தது. தம்பியும் தங்கையும் இப்போது பேசிக்கொண்டிருப்பார்கள், அவளைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தாள். சரி, எதையாவது பற்றிப் பேசுகிறார்களே.

மழை விட்டதும் பூங்காவைச் சுற்றி ஓடும் பழைய மாதிரி ரயில் திரும்பக் கிளம்பியது. எந்தச் சாகசமும் இல்லாத ரயில். அதில் உட்காருவதற்கு உயரமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். மார்லா கடைசிப் பெட்டியில் மூலை இருக்கையில் உட்கார்ந்தாள். ஈரக் காற்று முகத்தில் பட்டது. முதல் நிலையம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை கம்பியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தைகள் ஏறி இறங்கி கூச்சல் போட்டதெல்லாம் தெரியாமல் தூங்கினாள். ரயில் எத்தனை முறை சுற்றியது என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை கண் திறந்தபோது தொப்பி போட்ட வயதான பணியாளர் ஒருவர் எதிரே நின்றார்.

"இறங்கணுமா?" என்று கேட்டாள்.

"நீங்க இறங்கணுமா?" என்றார் அவர்.

"இல்ல."

"அப்ப உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மறுபடியும் தூங்கினாள்.

அவள் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பனியன் உடம்பிலேயே காய்ந்து மொறமொறப்பாகியிருந்தது. போனில் ஜோலீனிடமிருந்து ஒரு செய்தி: 'அப்பாவுக்கு அலுப்பு. கிளம்பறோம். வாசல்ல இருக்கோம்.' அதற்குக் கீழே ரஸலிடமிருந்து: 'சாப்பிட்டியா?' இரண்டுக்கும் சேர்த்து 'வரேன்' என்று மட்டும் பதில் போட்டாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் யாரும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. டீனா மட்டும் காகிதத்தில் சுற்றிய ஒரு ஹாட் டாக்கை நீட்டினாள். ஆறிப்போயிருந்தது. மார்லா நின்றபடியே அதைத் தின்று முடித்தாள்.

"எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள் ஜோலீன் பக்கத்தில் வந்து.

"சரி."

"அவ்வளவுதானா? சரியா?"

"நீ கோபப்படு, ஜோலீன். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

  ஜோலீன் மார்லாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் அடுத்த சண்டை தொடங்கியது. இரண்டு காரில் வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அது எங்கே என்பதில் ரஸலுக்கும் ஜோலீனுக்கும் வேறு வேறு ஞாபகம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கார்கள். அந்தி வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன.

"இந்தப் பக்கம்தான். ஒரு கம்பம் இருந்தது" என்றான் ரஸல்.

"எல்லாப் பக்கமும்தான் கம்பம் இருக்கு, முட்டாள்!"

"உன் போன் எல்லாத்தையும் சொல்லுமே, அதைக் கேளேன்!"

"உன்னை எழுப்பறதுலயே காலையில பாதி உயிர் போச்சு. இதை எங்க குறிச்சு வைக்க?"

"நீ எங்க எழுப்பினே? மார்லாதானே எழுப்பினா!"

கத்திக்கொண்டே இரண்டு பேரும் இரண்டு வரிசைக்குள் நடந்தார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் நேராகவே போய் விழுந்தது. ஓவனும் பெய்ஜும் சாவியை அமுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். இடைவெளியில் ஒருமுறை ஜோலீன் சத்தமாகச் சிரித்ததும் கேட்டது. எதற்கென்று தெரியவில்லை.

மார்லா நடைபாதை விளிம்பில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கொப்புளத்தில் காற்றுப் பட்டதும் எரிந்தது.

"நாளைக்கு அந்தத் தண்ணிப் பூங்காவாமே" என்றார் அப்பா.

"நான் வரல, அப்பா. நாளைக்கு நான் தூங்கப் போறேன். உங்க கட்டில்ல."

அவர் யோசித்தார். "அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்? உடம்பு சரியில்லைன்னு சொல்லவா?"

"வேண்டாம். நான் வரலைன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அப்பா மெல்லத் தலையாட்டினார். தூரத்தில் ஏதோ ஒரு காரின் விளக்கு இரண்டு முறை மினுக்கியது. 'கிடைச்சிருச்சு' என்று ரஸலும் ஜோலீனும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு யார் முதலில் கண்டுபிடித்தது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். மார்லா செருப்பை மாட்டவில்லை. அவர்கள் காரை இங்கே கொண்டுவரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.